அலகு: செங்கல்

பெருங்குடி, நான்காவது மாடி.
இரவு இரண்டு பத்துக்கு
ஸ்வீடனில் ஒரு கதவைத் திறக்கச் சொல்கிறேன்.
சொல்வதென்றால்,
திரையில் ஒரு கட்டம் மஞ்சளிலிருந்து பச்சையாகும்.
அங்கே இன்னும் நேற்று, ஒன்பது நாற்பது.
உறைபனியில் குன்னெல் என்கிற அம்மாள்
கையுறையோடு ஒரு பொத்தானை அழுத்துவாள்.
எண்பது மீட்டர்க் கப்பல்
லிஃப்டில் ஏறிய யானை மாதிரி
கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு
மேலே போகும்.

யோத்தா ஆறு. வேனெர்ன் ஏரியில் புறப்பட்டு
கோதன்பர்க்கில் கடலைத் தொடும்.
நடுவில் அருவி.
அருவியைச் சுற்றிக்கொண்டு போகப் பாறையை வெட்டிக் கால்வாய்.
ஆறு லாக்குகள், நாற்பத்து நான்கு மீட்டர்:
கடலில் கிடந்த கப்பலை ஏரிக்குத் தூக்கிவிட
தண்ணீரைத் தவிர வேறு கை கிடையாது.
ஏரிக்கரை ஊர்களின் மரமும் காகிதமும் இறங்கி வரும்.
ஏறிப் போவதில் ஒன்று
உப்பு.

முதல் வாரம் அதைப் பிழை என்று குறித்துவைத்தேன்.
ஏரிக்கு எதற்கு உப்பு?
சாலைப் பனி உருக, என்று எழுதினாள் குன்னெல்.
உப்பு வராவிட்டால் பள்ளிக்கூட பஸ் வராது.

என் சன்னலுக்குக் கீழும் ஒரு கால்வாய்.
பக்கிங்காம். அதிலும் உப்புதான் போனதாம்,
மரக்காணத்துப் பக்கமிருந்து, சவுக்கு விறகுக்குத் துணையாக,
கரையில் ஆள் நடந்து கயிற்றில் இழுக்க.
சொன்னது எங்கள் வரவேற்பறையில்
சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படம்.
படத்தில் பாய்மரம்.
சன்னலில் ஆகாயத்தாமரை, ஒரு தெர்மோகோல் பெட்டி,
எதிர்க்கரையில்
யாருக்கோ காத்திருப்பதுபோல் ஒரு எருமை.

அம்மா பிறந்தது சேப்பாக்கம் லாக் நகர்.
எதனுடைய லாக் என்று
அவளும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை,
இந்த வேலைக்கு வரும்வரை.

டிசம்பரில் ஒரு வியாழன். மழை விடவில்லை.
அடுத்த ஷிப்டு வரவில்லை.
பள்ளிக்கரணை நிரம்பி ஒக்கியம் மடுவில் இறங்கியது,
மடுவு கால்வாயில் இறங்கியது,
கால்வாய் முட்டுக்காடு போய்ப் பார்த்தது.
கடல் வாங்கிக்கொள்ளவில்லை.
போன தண்ணீர் திரும்பி வந்து
எங்கள் பார்க்கிங்கில் நின்றது.
ஜெபசீலனின் பைக்கில்
முதலில் சக்கரம் போனது, பிறகு சீட்,
பிறகு கண்ணாடி இரண்டும்
தவளைக் கண் மாதிரி வெளியே.

அதே நேரம் அங்கே
மட்டம் மூன்று சென்டிமீட்டர் ஏறியதற்கு
ஏழு பேருக்கு எச்சரிக்கை போனது.
நான்தான் அனுப்பினேன்.
ஏழு பேரும் படித்தார்கள்.
ஒருவர் நன்றிகூடச் சொன்னார்.

செய்தியில் உங்கள் ஊரைக் காட்டுகிறார்கள்,
உங்கள் கால்வாயில் மட்டம் என்ன?
குன்னெல் கேட்டாள்.
எழுந்து சன்னலுக்குப் போனேன். கீழே இருட்டு.
இருட்டுக்கு எண் இல்லை.

காவலுக்கு நிற்கும் பைகுந்த நாயக்
டார்ச்சைச் சுற்றுச்சுவரில் அடித்துவைத்திருந்தார்.
பூசாத சுவர். மாலையிலிருந்தே எண்ணுகிறாராம்.
"ஆறு கல்லு மேடம். எட்டு மணிக்கு நாலு."
யாரும் எண்ணச் சொல்லவில்லை.
அவர் ஊர் மகாநதிக் கரை, அவ்வளவுதான்.

ஆறு லாக்குகளுக்குக் கீழே
ஏழாவதாக ஒரு வரிசை சேர்த்தேன்.
இடம்: பெருங்குடி, சுவர்.
மட்டம்: 6.
அலகு இல்லாமல் சேமிக்க முடியாது, என்றது கணினி.
செங்கல், என்று அடித்தேன்.
முரண்டு பிடித்துப் பிறகு எடுத்துக்கொண்டது.

விதிமீறல்தான். காலையில் யாராவது அழிப்பார்கள்.
அழிக்குமுன் குன்னெல் பார்த்துவிட்டாள்.
அனுதாபம் எதுவும் இல்லை. ஒரே கேள்வி,
வேலைக்காரியின் கேள்வி:
ஒரு செங்கல் எத்தனை சென்டிமீட்டர்?
சாந்தையும் சேர்த்துச் சொல்லவும்.

ஜெபசீலனின் மேசையில் அடிஸ்கேல் இருந்தது.
எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி.
கடைசி நான்கு படிகள்
இல்லை.